வருமானம் கேட்கும் வாசல்

2004-ஆம் ஆண்டு, சென்னையில் ஒரு பள்ளி. வாள்வீச்சுப் பயிற்சியில் சேர வந்த சிறுமியிடம் கேட்கப்பட்ட கேள்வி: அப்பாவின் ஆண்டு வருமானம் எவ்வளவு? செலவு பிடிக்கும் விளையாட்டு. இல்லாதவர் வீட்டுப் பிள்ளைக்குக் கட்டுப்படியாகாது. அர்ச்சகரான தந்தையின் வருமானத்தைக் கூட்டிச் சொல்லித்தான் உள்ளே நுழைந்ததாகப் பவானி தேவி பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார்.

அந்தப் பொய்யின் பழி பத்து வயதுக் குழந்தையைச் சேராது. திறமையைப் பார்ப்பதற்கு முன் பணப்பையைப் பார்க்க வேண்டிய வாசலை அப்படியே விட்டுவைத்திருக்கும் எல்லோரையும் சேரும். வசதி உள்ளவர்களை முதலில் சேரும்.

செலவு கற்பனையல்ல. பவானி கற்ற சேபர் வாள் பிரிவில், மணிக்கட்டுக்குக் கீழுள்ள கையைத் தவிர, இடுப்புக்கு மேல் எங்கே பட்டாலும் புள்ளி. பட்டதா இல்லையா என்று சொல்வது மின்சாரம். அதற்காக உலோக இழை நெய்த மேற்சட்டை, மின்சாரம் பாயும் முகக்கவசம், சட்டைக்குள் ஓடும் ஒயர், விளக்கெரியும் பெட்டி எல்லாம் வேண்டும். அலகு உடைந்தால் வேறு வாங்க வேண்டும். அதனால் பவானியும் உடன் பயின்றவர்களும் மூங்கில் கழியால் பழகினார்கள். நல்ல வாள் போட்டி நாளுக்கு மட்டும். அம்மாவின் நகை அடகுக்குப் போனது. தமிழக அரசு உதவியது. 2015-இல் கோஸ்போர்ட்ஸ் அறக்கட்டளை, ராகுல் டிராவிட் பெயரிலான திட்டத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டது. பிறகு இத்தாலியின் லிவோர்னோவில் பயிற்சி. டோக்கியோவில், 2021 ஜூலை 26 அன்று, ஒலிம்பிக்கில் வாள் பிடித்த முதல் இந்தியரானார். 2023-இல் வூசியில் உலக சாம்பியன் மிசாகி எமுராவை வென்று ஆசிய வாள்வீச்சுச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் பெற்றார்; அந்தப் போட்டியின் வரலாற்றில் இந்தியாவுக்கு அதுவே முதல் பதக்கம்.

வென்றபின் நடந்ததையும் பார்க்க வேண்டும். பிரதமருக்கு அவர் பரிசளித்த வாள் 2021-இல் ஏலத்தில் 1.25 கோடி ரூபாய்க்குப் போனது. பணம் கங்கைத் தூய்மைக்கு, நல்ல காரியம்தான். ஆனால் மூங்கில் கழி வீசிய காலத்தில் அதில் நூற்றில் ஒரு பங்கு வந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் நல்ல வாளோடு பழகியிருப்பார்கள்? வெற்றிக்குப் பின் கொடுப்பது பாராட்டு. அதில் குற்றமில்லை. அதைக் கொடை என்று எண்ணித் திருப்தி அடைவதுதான் தவறு.

பசித்தவன் இருக்கும் நாட்டில் வாளுக்கா பணம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, சோற்றுக்கு வைத்திருப்பதை எடுத்து வாளுக்குத் தரச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் திருமண மண்டப அலங்காரத்துக்கும் தலைவர் பிறந்தநாள் பேனருக்கும் போகும் பணத்திடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஏழைப் பிள்ளையின் விளையாட்டு என்றால் மட்டும் பசி நினைவுக்கு வருவது அறமாகாது.

இத்தாலியில் காவல்துறையும் ராணுவமும் சிறந்த விளையாட்டு வீரர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கின்றன. அந்நாட்டின் சிசிலித் தீவிலுள்ள கத்தானியா நகரம் 2011-இல் உலக வாள்வீச்சுப் போட்டியையே நடத்தியது. வாள்வீச்சு வீரர்களான ரோசெல்லா பியமிங்கோவும் டானியேலே கரோட்சோவும் அந்த மண்ணின் பிள்ளைகள். நிலையான ஏற்பாடு இருக்கும் இடத்தில் வீரர் ஒவ்வொரு ஆண்டும் புரவலர் முகம் பார்த்து நிற்க வேண்டியதில்லை. நம் நாட்டில் அது வரும்வரை தனியார் கொடை தேவை. அது ஒரு நட்சத்திரத்தின் சட்டையில் தன் பெயரை ஒட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. பள்ளிக்குப் பொதுவான வாள்களாக, கவசங்களாக, பயிற்றுநரின் சம்பளமாகப் போக வேண்டும். தோற்கும் பிள்ளைக்கும் சேர்த்து.

அதே சிசிலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா போன்ற பகுதிகளில் உழைத்து, ஊர்க் கோயிலுக்கும் பள்ளிக்கும் பணம் அனுப்பும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை அனுப்பும்போது, உங்கள் ஊர்ப் பள்ளியில் விளையாட்டுச் சாமான் அறையில் என்ன இருக்கிறது என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இல்லாததை வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகளிடம் வருமானம் கேட்கக் கூடாது என்பதை மட்டும் நிபந்தனையாக வையுங்கள்.