ஊதியம் கேட்டலின் அறம்

தன் உழைப்புக்குரிய ஊதியத்தை ஒருவன் தானே வாய்திறந்து கேட்பது தகுமா என்னும் வினா, தமிழர் மனத்தில் நெடுங்காலமாகக் கூச்சத்தோடு பிணைந்து நிற்பதாகும். கேட்பவன் பேராசையுடையான் என்றும், கொடுத்ததைப் பெற்றுக்கொள்பவன் பண்புடையான் என்றும் கருதுவார் இன்றும் உளர். இரத்தல் இழிவு என்னும் எண்ணமே இக்கூச்சத்தின் வேர் எனலாம். ஆயின், ஊதியம் கேட்டல் அத்தகைய இழிவுடையதா என்பதே முதற்கண் ஆராயத்தக்கது.

இதற்குத் தொல்காப்பியம் துணைபுரிகின்றது. சொல்லதிகாரத்து எச்சவியல், ஒன்றை வேண்டுவோர் வழங்கும் சொற்களாக ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் கூறி, முதலாவதை இழிந்தோனுக்கும், இரண்டாவதை ஒப்போனுக்கும், மூன்றாவதை உயர்ந்தோனுக்கும் உரியதாக்குகின்றது. வேண்டுதல் யாவும் இழிந்தோன் செயலன்று என்பது இதனாற் பெறப்படும். உழைப்பை அளித்து ஊதியத்தைக் கொள்வது கொடுக்கல் வாங்கலாகலின், உழைப்போனுக்குரிய சொல் 'தா' என்பதே. நடைமுறையில் அது 'ஈ' ஆகத் தாழ்வது ஏன்?

மட்டக்களப்பு வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களில் நிலவிய போடியார் முறை இதனை விளக்கும். நிலம் போடியாருடையது, வயற்காரரைக் கொண்டு வேளாண்மையை நடத்தும் பொறுப்பு முல்லைக்காரனுடையது. அவன் பெறும் நெல் மறைபொருளன்று, ஊரறிந்த வழக்கு. எனினும், விளைச்சலுக்கு முன் உணவுக்கென வாங்கிய நெல் கடனாக நின்று, களத்திலே கழிக்கப்பட்டது. கடன்பட்டவனுக்கு மறுத்து விலகும் வழி அரிது. தன் பங்கு இவ்வளவு என்று அறிந்திருந்தும் அவனால் ஒப்போனாக நின்று பேச இயலவில்லை. அறிவு இருந்தது, வலு இருக்கவில்லை.

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று வெளியேறுவோரின் நிலை வேறு. அரசாங்க உத்தியோகத்துக்குரிய சம்பளத்திட்டம் சுற்றறிக்கையில் வெளிப்படையாக இருத்தலின், அங்கே கேட்கவேண்டிய தேவை எழுவதில்லை. தனியார் நிறுவனத்தின் நேர்முகப் பரீட்சையிலோ, "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்?" என்னும் வினா எழுகின்றது. வினவுவோர் முன்னிருந்தவருக்குக் கொடுத்ததையும், இனிக் கொடுக்கக்கூடியதையும் அறிவர்; விடைகூறுவோர் இரண்டையும் அறியார். அச்சத்தாற் குறைத்துக் கூறிய தொகையே பின்வரும் உயர்வுகளுக்கும் அடியாகிவிடுகின்றது. வேறிடம் நாடும் வலு சிறிது இருந்தும் அறிவின்மையால் இவர் தாழ்கின்றார். எனவே, ஒத்த தொழில் செய்வோர் பெறும் சம்பளத்தை விசாரித்தறிவது ஆசையின் பாற்படாது, கடமையின் பாற்படும். கூறப்படும் தொகை அடிப்படைச் சம்பளமா, படிகள் சேர்ந்ததா, ஊழியர் சேமலாப நிதிக்கு வேலைகொள்வோர் செலுத்தவேண்டிய 12 சதவீதம் அதற்கு மேலானதா என்பனவும் அறியற்பாலன.

இங்கே ஒரு தடை எழும். அவரவர் கேட்டுப் பெறுவதாயின், வாய்வன்மை உடையோர் மிகுதியும், நாணமுடையோர் குறைவும் பெறுவரன்றோ? ஒரே வேலைக்கு இரு கூலி நீதியாகுமா? இத்தடை வலியது. வேலைகொள்வோர் நெடிது காத்திருக்க வல்லவர், தொழிலாளர் அவ்வாறு காத்திருக்க இயலாதவர் என்பதை அடம் சிமித் 1776 ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கவே இலங்கையில் 1941 இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும், 2016 இல் மாதம் 10,000 ரூபாவைத் தேசிய குறைந்தபட்ச வேதனமாக விதித்த சட்டமும் தோன்றின. அத்தொகை பின்னர் உயர்த்தப்பட்டது. ஆயினும் சட்டம் இடுவது தளம் மாத்திரமே. அதற்கு மேலுள்ளதைப் பேச்சே முடிவு செய்கின்றது.

ஆதலால், தடைக்கு விடை மௌனமன்று, வெளிப்படையே. தான் பெறுவதை உடன் உழைப்போருக்கு மறைப்பவன், அறியாதோரின் தாழ்வுக்குத் துணைபோகின்றான். முன்னைய சம்பளத்தைப் பொய்யாக மிகைப்படுத்திக் கேட்பவனும் ஒப்போன் நிலையினின்று வழுவுகின்றான். ஒப்போர் பேச்சுக்கு உண்மையே அடிப்படை. அறிந்து கேட்டலும், மெய்யுரைத்தலும், அறிந்ததைப் பிறரோடு பகிர்தலும் ஆகிய மூன்றும் கூடியவிடத்தே ஊதியம் கேட்டல் அறமாகின்றது. 'தா' என்னும் சொல் தனியொருவனின் துணிவால் மட்டும் நிலைபெறுவதன்று. அருகே உழைப்பவனும் அதனைச் சொல்ல வல்லவனாகும்போதே அது முழுமை பெறும்.