நீரும் மிகுபொருள் விரும்பாமையும்

நீரை வடிகட்டி அருந்துதல் சிராவகர்க்குரிய ஒழுக்கங்களுள் ஒன்று என்பதை நாம் அறிவோம். ஆயின் வடிகட்டுவதோடு அவ்வொழுக்கம் நிறைவுறுவதில்லை. துணியில் தங்கிய சிற்றுயிர்களை, நீர் முகந்த கிணற்றிலேயே ஊறின்றிச் சேர்த்த பின்னரே அது முழுமை பெறுகிறது. நாம் முகக்கும் நீரில் நமக்கு முன்னரே பிறவுயிர்க்கு உரிமை உண்டு என்பதே அதன் உட்பொருள். இவ்வறம் வீட்டுக் கிணற்றோடு நின்றுவிடலாமா?

கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தொழுது மேற்கே செல்வோர், குருவிகுளம் பகுதியின் கரிசல் நிலத்தைக் காண்பர். வானம் பார்த்த பூமி அது. மேற்குத் தொடர்ச்சி மலையில், கேரள எல்லைக்குள், செண்பகவல்லி என்னும் தடுப்பணை உள்ளது. திருவிதாங்கூர் அரசும் சிவகிரி ஜமீனும் செய்துகொண்ட உடன்பாட்டால் எழுந்த அவ்வணை, மலைநீரின் ஒரு பகுதியைக் கிழக்கே திருப்பி, வாசுதேவநல்லூர், சிவகிரி, சங்கரன்கோவில், குருவிகுளம் வட்டாரக் குளங்களுக்கு உதவியது. 1960-களில் அது உடைந்தது. சீரமைப்புச் செலவில் பாதியைத் தமிழகம் 1980-களில் செலுத்தியும், பணி நடைபெறாமல் அத்தொகை பின்னர்த் திரும்பி வந்தது.

காட்டையும் வனவுயிர்களையும் காக்கவேண்டும் என்று மலைப்புறத்தார் கூறுவராயின், உயிரோம்பலைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் அதனைப் புறந்தள்ளலாகாது. வறண்ட குளத்தைக் காட்டும் உழவர் கூற்றும் உண்மையே. இரண்டையும் ஒருங்கே காண்பது அநேகாந்தம். ஆனால் முடிவு காணாமல் காலங்கடத்துவதற்கு அநேகாந்தம் இடம் தருவதன்று. இருதரப்பு உண்மையும் அறிந்த பின் பகிர்ந்துகொள்ளுதலே அதன் பயன்.

இது இயலாததன்று. 1996-இல் இந்தியாவும் வங்கதேசமும் முப்பதாண்டுக் காலத்துக்குக் கங்கை நீர் ஒப்பந்தம் செய்துகொண்டன. கோடையில் பராக்காவில் நீர்வரத்து 70,000 கனஅடியோ அதற்குக் குறைவோ ஆயின், இருநாடும் சரிபாதி கொள்வது என்பது அதன் விதி. மிகுதியைப் பகிர்தல் எளிது. குறைவைப் பகிர்தலே அறம்.

மேலிருப்போர்க்கு மட்டுமோ இவ்வறம்? நம்மூர்க் குளத்தில் தலைமடையார் நிறையப் பாய்ச்ச, கடைமடைப் பயிர் காய்வதில்லையா? அண்டை மாநிலத்திடம் நாம் கேட்கும் நியாயத்தை அண்டை வயலுக்கு வழங்குகிறோமா? மிகுபொருள் விரும்பாமையைப் பொன்னுக்கும் நிலத்துக்கும் மட்டும் உரியதாகக் கொள்ளாது, நீருக்கும் உரியதாகக் கொள்வோம். முதலில் நமது மடையில் தொடங்குவோமாக.

அறம் வளர்க!