எளியவர் கிண்ணத்திலும் தூய்மை

தூய உணவும் தூய பானமும் யாருக்கு உரியவை? விலை கொடுக்க வல்லவருக்கா, பந்தியில் அமரும் அனைவருக்குமா? இத்தாலிய திராட்சை இரசம் ஒன்றின் வரலாறு இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

இத்தாலியின் வடமேற்கில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் அமைந்தது பியமோந்தே மாநிலம். அதன் குன்றுகளில் விளையும் பார்பெரா என்னும் கருந்திராட்சையின் செந்நிற இரசம், அம்மண்ணின் உழவர்களுக்கு நெடுங்காலமாக அன்றாடப் பானம். அதே மாநிலத்தின் பரோலோ இரசம் செல்வர் விருந்துகளை அணிசெய்ய, பார்பெரா எளியவர் மேசையில் இடம்பெற்றது. அதில் துவர்ப்புக் குறைவு, புளிப்பு மிகுதி. தனித்துப் பருகினால் சற்றே கூர்மையாய்த் தோன்றும் அப்புளிப்பு, உணவோடு சேர்கையில் நலமாகிறது.

குளிர்காலத்தில் அங்கே 'பாஞ்ஞா காவ்தா' என்னும் உணவைச் சமைப்பர். ஒலிவ எண்ணெயில் பூண்டையும், நம் நெத்திலியை ஒத்த உப்பிட்ட சிறுமீனையும் மெல்லக் கரைத்து, சூடாகப் பந்தியின் நடுவே வைப்பர். அனைவரும் அந்த ஒரே கலத்தில் காய்கறிகளைத் தோய்த்து உண்பர். எண்ணெயின் கொழுப்பையும் மீனின் உப்பையும் பார்பெராவின் புளிப்புத் தணித்து, நாவை அடுத்த கவளத்திற்கு ஆயத்தமாக்கும். இறைச்சி பொதிந்த 'அஞ்ஞொலொத்தி' என்னும் மாவுணவுக்கும் அதுவே ஏற்ற துணை.

இத்தகைய இரசத்தின் பெயரால்தான் 1986-இல் கொடுமை ஒன்று நிகழ்ந்தது. தரங்குறைந்த இரசத்தின் சாராயச் சத்தை மலிவாக உயர்த்த எண்ணிய சிலர், மெத்தனால் என்னும் நஞ்சை அதில் கலந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேறு சிலர் பார்வை இழந்தனர். நஞ்சு இருந்தது செல்வரின் புட்டிகளில் அன்று, அங்காடியில் குறைந்த விலைக்கு விற்ற புட்டிகளில். 2024 ஜூன் திங்களில் நம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற சாராயத்தில் இருந்ததும் இதே மெத்தனால்தான். நாடு வேறாயினும் மலிவானதை வாங்கியவரே இரு இடத்திலும் மாண்டனர்.

இன்று அதே குன்றுகளில் இயற்கை வேளாண்மை செய்வோர் உள்ளனர். செயற்கை உரமும் களைக்கொல்லியும் அவர்களுக்கு விலக்கு. கொடியின் நோய்க்குத் தாமிரமும் கந்தகமும் அளவோடு இடலாம். தோட்டம் மூன்றாண்டுகள் இம்முறைக்கு மாறிய பின்னரே சான்று கிடைக்கும். 2012 அறுவடை முதல், ஐரோப்பிய ஒன்றியம் இரசம் செய்யும் முறைக்கும் விதி வகுத்தது. இனிப்பற்ற செந்நிற இரசத்தில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை சல்பைட்டு இருக்கலாம் என்பது பொதுவிதி; இயற்கை இரசத்திற்கோ 100 மட்டுமே. களையைக் கையாலும் கருவியாலும் நீக்க உழைப்பு மிகுதி. ஆகவே விலையும் மிகுதி.

அவ்வாறாயின் தூய்மை செல்வரின் உடைமை ஆகிவிடுமோ? இங்கே நாம் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். மண்ணைப் பேணும் கூடுதல் உழைப்புக்குக் கூலி உண்டு; இயன்றவர் அதைக் கொடுப்பது நீதி. ஆனால் நஞ்சு கலவாதிருத்தல் கடமை. அதைச் சிறப்பென்று காட்டி விலை பேசலாகாது. மலிவான புட்டியை நம்பி வாங்குபவருக்கும் அந்தக் கடன் முழுமையாக உரியது. சான்று முத்திரை செய்முறைக்குச் சாட்சி சொல்லும். பருகப் போகிறவரின் முகத்தைக் காணாமலே அவரை மதிக்கும் மனச்சான்றை அது தந்துவிடாது.

திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயல்பாக எடுக்கப்பட்டதாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம். பீடத்திற்கு இத்துணைத் தூய்மை வேண்டும் நாம், நாட்கூலி பெறுபவரின் மேசைக்கு அதில் குறைந்ததை எவ்வாறு பொறுக்க இயலும்? பாலோ எண்ணெயோ அரிசியோ, பிறர் உண்ண நாம் விற்கும் எப்பொருளிலும் இக்கேள்வி நம்மைத் தொடர்கிறது. ஒரே கலத்தில் தோய்த்து உண்பவர் ஒருவரையொருவர் நம்பியே கை நீட்டுகின்றனர். அந்த நம்பிக்கையை விற்றுப் பிழைக்க நமக்கு உரிமை இல்லை.