‘வென்றிருக்கலாம்’ என்னும் தீர்ப்பு

மருதனார்மடத்து வாசிகசாலை ஒன்றிலே மாலை வேளையில் இருவர் சதுரங்கம் ஆடுகின்றனர் எனக் கொள்வோம். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிகிறது. காய்களைப் பெட்டியில் இடுமுன் இளையவர், “அண்ணை, உதை நான் வெண்டிருக்கலாம்” என்கிறார். மூத்தவர் மறுக்கிறார்: “ஏலாது தம்பி. உது வெல்லேலாத ஆட்டம்.” இருட்டும்வரை வாதம் தொடர்கிறது. பலகையில் எஞ்சியிருப்பவை சில காய்களே. ஆயினும் இருவரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகின்றனரா என்பது ஆராயற்பாலது.

மூத்தவர் பேசுவது நிலையைப் பற்றி. சதுரங்கத்தின் இறுதிக்கட்டத்திலே காய்கள் அருகிவிடுவதால், வேறெக்கட்டத்திலும் இல்லாத உறுதியுடன் முடிவு கூறுதல் இயலும். இரு அரசர்களும் உட்பட 7 காய்கள்வரை உள்ள நிலைகளுக்கான கணினி அட்டவணைகள் 2012இல் மொஸ்கோவில் நிறைவுசெய்யப்பட்டன. அவற்றை நோக்கி ‘வெற்றி’, ‘சமநிலை’ என ஐயமின்றிக் கூறலாம். ஆயின் அவ்வட்டவணைகளில் 500க்கு மேற்பட்ட நகர்வுகளின் பின்னரே கைகூடும் வெற்றிகளும் உள. காய் எதுவும் வெட்டப்படாமலும் காலாள் எதுவும் நகராமலும் இரு தரப்பாரும் 50 நகர்வுகள் ஆடிவிடின் சமநிலை கோரலாம் என்பது ஆட்ட விதி. அட்டவணை வெற்றி என்பதை விதி வெற்றி அன்று என்கிறது. இரண்டும் அனுமதித்த வெற்றியையும் மனிதனின் கண் காணாது போகலாம். எனவே ‘வெல்லத்தக்கது’ என்ற ஒரே சொல்லின் கீழ் மூன்று வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன.

இச்சிக்கலை நன்கு புலப்படுத்துவது 2024 டிசெம்பர் 12ஆந் திகதி சிங்கப்பூரில் நிகழ்ந்த உலகச் சம்பியன் பட்டப் போட்டியின் பதினான்காவது ஆட்டமாகும். சீன நாட்டுச் சம்பியன் டிங் லிரெனும் சென்னையைச் சேர்ந்த 18 வயதுக் குகேஷும் தலா ஆறரைப் புள்ளிகளுடன் அமர்ந்தனர். இறுதிக்கட்டத்தில் ஒவ்வொருவரிடமும் ஒரு கோட்டை, சாய்வாகச் செல்லும் அமைச்சர் ஒன்று, சில காலாட்கள். குகேஷிடம் ஒரு காலாள் மிகை. அது சமநிலைக்குரிய நிலை என்பதில் வல்லுநரிடையே கருத்து வேறுபாடு இருக்கவில்லை. குகேஷ் விடாது ஆடினார். 55ஆவது நகர்விலே டிங் கோட்டைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். அவருடைய அமைச்சர் அவ்வேளை பலகையின் மூலையில் நின்றது. கோட்டைகள் நீங்கியதும் அமைச்சர்களும் மாறுவதைத் தடுக்க இயலவில்லை; எஞ்சிய அரசரும் காலாட்களும் கொண்ட ஆட்டம் குகேஷுக்கு வெற்றி. 58ஆவது நகர்வின் பின் டிங் தோல்வியை ஏற்றார்.

இதிலே மிக நுண்ணிய செய்தி ஒன்றுண்டு. எதிராளியின் தவற்றைக் குகேஷும் உடனே காணவில்லை. வேறொரு நகர்வை ஆட முற்பட்ட வேளையிலேதான் அது கண்ணிற் பட்டதென அவரே பின்னர் கூறினார். வெற்றி பலகையில் இருந்தது. ஆனால் சில கணங்கள் எவருக்கும் உரியதாய் இருக்கவில்லை.

‘குகேஷ் வெல்லவில்லை, டிங் தோற்றார்’ என்று உரைத்தோர் பலர். இக்கூற்று நிலைக்குரிய அளவுகோலை மனிதர்மீது வைப்பதால் எழும் மயக்கமாகும். சமநிலை நிலையிலிருந்து பெறப்படும் வெற்றி எதுவும் எதிராளியின் தவறின்றிப் பெறப்படுவதில்லை. அவ்வாறெனின் சதுரங்க வரலாற்றில் வென்றவர் எவருமே இலர் என்று கூறவேண்டிவரும். அது ஓர் அவசரத் தீர்ப்பு.

இனி இளையவரிடம் வருவோம். அவர் பேசுவது தம்மைப் பற்றி. ஒக்ஸ்போட் மெய்யியலாளர் ஒஸ்ரின் 1956இல் நிகழ்த்திய உரையொன்றிலே, மிகக் குறுகிய தூரத்திலிருந்து குழியுள் இடவேண்டிய கோல்ப் பந்தைத் தவறவிட்டவனை உதாரணங் காட்டினார். ‘என்னால் இட்டிருக்க முடியும்’ என அவன் நொந்துகொள்ளும்போது, காற்று வேறாயிருந்தால் என்றோ, இன்னும் முயன்றிருந்தால் என்றோ அவன் கருதுவதில்லை. இருந்த நிலைமையிலேயே முடிந்திருக்கும் என்கிறான். இதற்கு நேரெதிராக, நிகழ்வதும் நிகழப்போவதுமே இயலக்கூடியவை என வாதித்தவர் பண்டைக் கிரேக்கத்துத் தியோடோரஸ். திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் இருப்பதை இங்கு நினைத்தல் தகும்.

கடிகாரம், களைப்பு, அச்சம், கண்ட கோடு, காணாத கோடு ஆகிய யாவற்றையும் அவ்வாறே மீள நிறுத்தினால், டிங் அதே கோட்டையை அதே கட்டத்திலேதான் வைப்பார். அப்போது ‘முடிந்திருக்கும்’ என்ற சொல்லுக்குப் பொருளே இராது. எல்லாவற்றையும் தளர்த்திவிட்டாலோ, எவரும் எதையும் வென்றிருக்கலாம். ஆகவே தீர்ப்புக் கூறுவோன் எதனை நிலையாகப் பிடிப்பது, எதனைத் தளரவிடுவது என்று முன்னரே தெரிவுசெய்துவிடுகிறான். அத்தெரிவைக் கணினி செய்து கொடுப்பதில்லை. அது ஓர் அறத் தெரிவு. பெரும்பாலும் அதனைச் செய்கிறோம் என்ற உணர்வின்றியே செய்யப்படுவது.

பரீட்சையில் ஒரு புள்ளியால் பல்கலைக்கழக அனுமதியை இழந்தவனிடம் ‘நீ எடுத்திருக்கலாம்’ என்பவர், அவ்வீட்டு விளக்கையும் அவ்வாண்டுத் துயரையும் தளர்த்திவிட்டே பேசுகிறார். போரின் பின் யாழ்ப்பாணத்து முற்றங்களில் ‘அப்ப இப்பிடிச் செய்திருந்தால்’ என்று தொடங்கும் உரையாடல்களும் இத்தகையனவே. அன்று எவர் கையிலும் இல்லாத அறிவைப் பேசுவோர் தம் கையில் வைத்திருக்கின்றனர். அதே மருதனார்மடத்தில் இசை பயில்வோர் இவ்விடத்தில் ஓரளவு பாக்கியசாலிகள் எனலாம். ‘நன்றாகப் பாடியிருக்கலாம்’ என்ற சொல் பாடுபவரையே சாரும். இராகத்தின் முடிவை முன்னரே அறிந்த அட்டவணை எதுவும் அங்கில்லை.

ஆயினும் பிறர் கூறுங்கால் கொடுமையாகும் அதே வாக்கியம் ஆடியவன் வாயில் வேறாகிறது. ‘நான் வென்றிருக்கலாம்’ என்ற வாசிகசாலை இளைஞன் தன் களைப்பைச் சாட்டாகக் காட்ட மறுக்கிறான். அந்நகர்வு தன்னுடையதே என ஏற்கிறான். மூத்தவர் அட்டவணையைக் கொண்டு அதனை மறுத்தல் முறையன்று. அதுபோலவே, அவன் கூற்றைப் பிடித்து அவனைக் குற்றவாளியாக்குதலும் முறையன்று.

டிங், தமது தவற்றை எதிராளியின் மகிழ்ந்த முகத்திலேதான் அறிந்ததாகக் கூறினார். முந்திய நாள் நடந்த பதின்மூன்றாவது ஆட்டத்தில் தாம் தப்பியது அதிர்ஷ்டத்தாலே என்றும், அதனை எண்ணினால் ஈற்றில் தோற்றது நியாயமே என்றும், தமக்கு வருத்தமில்லை என்றும் அவர் அன்றே செய்தியாளரிடம் உரைத்தார். பதினான்காவது ஆட்டத்தை மட்டும் தனியே எடுத்து எடைபோட அவர் இணங்கவில்லை.