கேளாமல் வந்த உரிமை

“நான் இந்தியன், அதில் பெருமை கொள்கிறேன்” என்று பதினெட்டு வயது நிறைந்த இளைஞன் ஒருவன் சொல்கிறான். நல்ல சொல்தான். ஆயினும் அதனுள் ஓர் அறச்சிக்கல் உண்டு. உழைத்துப் பெற்ற ஒன்றைக் குறித்து ஒருவன் பெருமைப்படலாம். கேளாமலே பிறப்பால் வந்த குடியுரிமையைக் குறித்துப் பெருமைப்பட அவனுக்கு என்ன தகுதி இருக்கிறது?

இக்கேள்வி புதுச்சேரி மக்களாகிய நமக்குப் புதிதன்று. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வருவோர் கனகசெட்டிக்குளத்தில் புதுச்சேரி எல்லைக்குள் நுழைகின்றனர். இன்று நாம் எளிதாகக் கடந்து செல்லும் இவ்வெல்லை, 1954 வரை இரு நாடுகளைப் பிரித்து நின்றது. இருபுறமும் பேசிய மொழி ஒன்றே. மீன் பிடித்த கடலும் ஒன்றே. ஆட்சி மட்டும் வேறாயிருந்தது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். இந்தியாவுடன் இணைவதற்கு 170 பேர் இசைந்தனர். 8 பேர் மறுத்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16 அன்று நிறைவேறியது. இங்குப் பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் உடன்படிக்கையின்படி இந்தியக் குடிமக்கள் ஆயினர். பிரெஞ்சுக் குடியுரிமையிலேயே நீடிக்க விரும்பியோர் ஆறு மாதங்களுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்ற விதியும் இருந்தது.

எழுதிக் கொடுத்தோரும் உண்டு, கொடாதோரும் உண்டு. ஒருவருக்கு ஓய்வூதியக் கவலை. மற்றொருவருக்குப் பிள்ளைகளின் எதிர்காலம். இன்னொருவருக்குப் பிறந்த மண்ணின் பாசம். இவர்களுள் ஒருவரைத் துரோகி என்றும் மற்றவரைத் தியாகி என்றும் தீர்ப்பிட நாம் யார்? ஒருவர் எந்நாட்டுக் குடிமகன் என்பதைக் கையெழுத்து காட்டும். அவர் நல்ல குடிமகனா என்பதை அவரது வாழ்வுதான் காட்ட வேண்டும்.

புனித தாமஸ் அக்குவினாஸ், பெற்றோருக்கும் பிறந்த நாட்டிற்கும் நாம் செலுத்த வேண்டியதை ஒரே அறத்தின்கீழ் வைத்துப் பேசுகிறார். இரண்டுமே முழுமையாகத் திருப்பித் தர இயலாத கடன்கள். தாயைத் தேர்ந்தெடுத்துப் பிறந்தவர் எவருமில்லை. ஆயினும் தாயைக் குறித்துப் பெருமை கொள்ளாத பிள்ளையும் இல்லை. அப்பெருமை நன்றியிலிருந்து பிறக்கிறது. அதனால்தான், தாயைப் புகழ்ந்து பேசிவிட்டு அவளது முதுமையில் கஞ்சி ஊற்றாத மகனை ஊர் ஏசுகிறது. நாட்டுப்பெருமைக்கும் இதே அளவுகோல்தான்.

மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1954-இல் பிறந்திராத இளைஞனும் “நாம் விடுதலை பெற்றோம்” என்கிறான். அவன் அவ்வாறு சொல்வது சரியே. ஆனால் அந்த ‘நாம்’ என்னும் சொல்லைப் புகழுக்கு மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தவர்களும் நாமே. கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்குச் சுவர் எழுப்பியவர்களும் நாமே. அதில் கிறிஸ்தவர்களாகிய நமக்கும் பங்குண்டு. பெருமையில் பங்கு கேட்பவன் வெட்கத்திலும் பங்கேற்க வேண்டும். எருசலேமை நேசித்த இயேசு அந்நகரைப் பார்த்து அழுதார். அழத் தெரியாத நாட்டுப்பற்று வெறும் ஆரவாரமாகிவிடும். பிற நாட்டாரையும் பிற சமயத்தாரையும் பகைக்கவும் தூண்டும். குறுகிய மனமின்றி நாட்டை நேசிக்க வேண்டும் என்பதே இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் போதனை.

அவ்வாறாயின் இளையோர் செய்ய வேண்டியது என்ன? வாக்குரிமை வயது 1989-இல் இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. பிறர் போராடிப் பெற்றுத் தந்த அவ்வுரிமையைத் தேர்தலுக்கு முந்தின இரவில் சில நூறு ரூபாய்க்கு விற்பவர், கொடியேற்றி என்ன பயன்? பிழைப்புக்காக வெளிநாடு செல்வது குற்றமன்று. கடல் கடந்தாலும் பிறந்த ஊரின் கடன் தொடரும். உள்ளூரிலேயே இருந்துவிடுவதாலும் அக்கடன் தீர்ந்துவிடாது. லஞ்சம் கொடாமல் ஒரு சான்றிதழுக்காகக் காத்திருப்பதும், ஒடுக்கப்பட்ட அயலானுக்காகச் சாட்சி சொல்வதும் நாட்டுப்பணியே.

1962-இல் நம் முன்னோருக்கு முடிவு செய்ய ஆறு மாத காலம் தரப்பட்டது. இன்றைய இளையோரிடம் எவரும் அப்படி ஒரு தாளை நீட்டப்போவதில்லை. கேளாமல் வந்த உரிமைக்குத் தாங்களே மனமுவந்து இசைவு தெரிவிக்க வேண்டிய பொறுப்பு அவர்களுடையது. அந்த இசைவை அவர்கள் அன்றாடச் செயல்களால் எழுதட்டும்.