அந்த நாலு பேர்



"நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்னும் கேள்விக்கு அஞ்சாமல் நம் நாட்டில் ஒரு நாளேனும் வாழ்ந்தவர் உண்டோ? மகளின் படிப்பும், மகனின் திருமணமும், நாம் கட்டும் வீட்டின் உயரமும்கூட அந்த நாலு பேரின் கண்களுக்கு முன்பாகவே தீர்மானிக்கப்படுகின்றன. அவர்கள் யாரென்று கேட்டால் ஒருவருடைய பெயரையும் நம்மால் சொல்ல இயலாது. ஆயினும் அந்த அச்சம் வெறும் மாயையன்று. இறுதியில் நம்மைச் சுமந்து செல்லவும் நாலு பேர் வேண்டுமே என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பழிப்பவரும் சுமப்பவரும் ஒருவரே என்னும் எண்ணமே நம்மை அடிமைப்படுத்துகிறது.

அப்போஸ்தலனாகிய பவுல் ஊழியம் செய்த கொரிந்து பட்டணமும் இவ்வகையானதே. கி.மு. 146-இல் ரோமரால் அழிக்கப்பட்டு, கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரால் மீண்டும் நிறுவப்பட்ட பட்டணம் அது. அங்கே குடியேறியவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். புதிதாய் உயர்ந்தவர்களுக்குப் புகழ்ப்பசி அதிகம். பொது இடங்களைத் தங்கள் செலவில் அமைத்து, தங்கள் பெயரைத் தாங்களே கல்லில் பொறித்துக்கொண்டனர். கூடாரம் செய்து பிழைத்த பவுல் அவர்கள் பார்வையில் எம்மாத்திரம்? சபைக்குள்ளேயே அவரை அப்பொல்லோவோடு ஒப்பிட்டு எடைபோட்டார்கள்.

அவர்களுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், அவர்களுடைய தீர்ப்பைத் தாம் பொருட்படுத்தவில்லை என்று பவுல் எழுதுகிறார். அங்கே மனிதரின் தீர்ப்பைக் குறிக்க அவர் கையாளும் கிரேக்கச் சொற்களை அப்படியே பெயர்த்தால் 'மனித நாள்' என்றாகும். மனிதரும் ஒரு நாளைக் குறித்து நியாயாசனம் போடுகிறார்கள். ஆனால் கர்த்தருடைய நாள் என்று ஒன்று உண்டல்லவா?

அதே வசனத்தில், தாமும் தம்மைத் தீர்ப்பதில்லை என்று பவுல் சேர்த்துக்கொள்கிறார். இதை நாம் விரைவாகக் கடந்துவிடுகிறோம். கண்ணாடியின் முன் நின்று, "நான் உயர்ந்தவன்" என்று பலமுறை சொல்லச் சொல்லும் தன்னம்பிக்கைப் பயிற்சிகள் இன்று பெருகியுள்ளன. அவை அந்த நாலு பேரையும் வெளியேற்றிவிட்டு, ஐந்தாவதாக நம்மையே நியாயாசனத்தில் அமர்த்துகின்றன. அந்த ஐந்தாவது நீதிபதி மற்ற நால்வரிலும் கொடியவன் என்பதை உறக்கமற்ற இரவுகளில் அறிந்திருக்கிறோம். விசுவாசி தன் மதிப்பைத் தானே உண்டாக்குவதில்லை. அவனுக்காகச் செலுத்தப்பட்ட கிரயத்தில் அது முன்னமே எழுதப்பட்டுவிட்டது.

வில்லியம் கேரி 1793-இல் வங்காளத்திற்கு வந்தார். சிட்னி ஸ்மித் என்னும் ஆங்கிலக் குருவானவர் எடின்பரோ ரிவ்யூ இதழில் இந்த மிஷனெரிகளைச் செருப்புத் தைப்போர் என்று எள்ளி எழுதினார். கவர்னர் ஜெனரலின் விருந்தொன்றில் இராணுவ அதிகாரி ஒருவர், கேரி முன்பு செருப்புச் செய்பவராக இருந்தவர்தானே என்று மற்றவர் காதில் விழும்படி கேட்டதாகவும், தாம் செருப்புச் செய்தவர்கூட அல்ல, பழஞ்செருப்பைத் தைத்துக் கொடுத்தவரே என்று கேரி அமைதியாகச் சொன்னதாகவும் கூறுவர். அழகான மறுமொழிதான். ஆனால் அதைச் சொன்னபோது அவர் வில்லியம் கோட்டைக் கல்லூரியின் ஆசிரியர். இழிவைத் தாங்க அவருக்கு வேறொரு மரியாதையும் துணைநின்றது.

கிருஷ்ண பாலுக்கு அப்படி ஒன்றும் இல்லை. செராம்பூரில் வாழ்ந்த தச்சர் அவர். 1800 நவம்பரில் அவருடைய கை மூட்டு விலகியது. மிஷனெரி வைத்தியர் தாமஸ் அதைச் சரிசெய்து, சுவிசேஷத்தையும் சொன்னார். டிசம்பர் 22-ஆம் நாள் கிருஷ்ண பாலும் நண்பர் கோகுலும் மிஷனெரிகளோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார்கள். அந்த ஒரு வேளை உணவோடு சாதி போயிற்று. திரண்ட கூட்டம் அவர்களை நீதிபதியிடம் இழுத்துச் சென்றது. குற்றமொன்றும் காணாமல் அவர் விடுவித்தார். டிசம்பர் 28-ஆம் நாள் ஹூக்ளி நதியில் கேரி தம் மகன் பீலிக்ஸுக்கும் கிருஷ்ண பாலுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். அந்நாளில் கோகுல் பின்வாங்கினார். நான் அவரைக் குறைகூற மாட்டேன். நாலு பேரை இழப்பது என்றால் என்னவென்று அவர் அறிந்திருந்தார். பின்னர் அவரும் முன்வந்தார்.

1803-இல் பிராமண குலத்திலிருந்து வந்த கிருஷ்ண பிரசாத் என்னும் வாலிபருக்கும் தச்சரான கிருஷ்ண பாலின் மகளுக்கும் திருமணம் நடந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், "கிறிஸ்தவ மணமகள் தேவை" என்னும் விளம்பரங்களில் சாதியின் பெயர் இடம்பெறுகிறதே! ஞாயிறுதோறும் தேவனுடைய பிள்ளைகள் என்று சாட்சி சொல்கிறோம். பெண் பார்க்கும் நாளிலோ அந்த நாலு பேரிடமே உத்தரவு கேட்கிறோம். அப்படியானால் நம் மதிப்பை உண்மையில் யாரிடமிருந்து பெறுகிறோம்? ஊழியர்களாகிய நாமும் இதற்கு விலக்கல்ல. ஆதரவாளர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் எண்ணிக்கை குறைந்த மாதத்தில் நம் முகம் ஏன் வாடுகிறது? கேரி முதல் இந்திய விசுவாசிக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஏழாண்டுகள் காத்திருந்தார்.

அதே 1803-ஆம் ஆண்டு அக்டோபரில் கோகுல் மரித்தார். செராம்பூரின் இந்திய விசுவாசிகளில் முதலாவது மரித்தவர் அவரே. அந்நாளில் வேற்றுச் சாதியாரின் உடலை ஒருவரும் தொடார். கிறிஸ்தவர்களின் பெட்டியைக் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஏழைப் போர்த்துக்கீசியர் சுமப்பதே வழக்கம். இம்முறை கிருஷ்ண பால் தாமே பெட்டியைச் செய்து, தம் சொந்தச் செலவில் வெள்ளை மஸ்லின் துணியால் அதை மூடினார். ஊரார் பார்த்து நிற்க, வங்காளப் பாடல் ஒலிக்க, நாலு பேர் அதைச் சுமந்து சென்றார்கள்: ஆங்கிலேயரான மார்ஷ்மன், கேரியின் மகன் பீலிக்ஸ், ஞானஸ்நானம் பெற்ற பிராமணரான பைரவ், இஸ்லாமியராயிருந்து விசுவாசியான பீரு.