தொட்டாற்சுருங்கிக்கு நோவுண்டோ?

வயலோரத் தொட்டாற்சுருங்கியைத் தொட்டிருப்பீர். காம்படிப் புடைப்பில் ஒருபக்கத்து நீர் விலகவே இலை கூம்புகிறது. புல்லையும் மரத்தையும் தொல்காப்பியர் ஓரறிவுயிர் என்றார், அவ்வறிவு தொடுவுணர்வு. 1917-ல் கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையம் நிறுவிய ஜகதீச சந்திர போஸ், செடிக்குள் மின்துடிப்பு ஓடுவதைக் கருவி வைத்தே காட்டினார். அர்ச். தோமாஸ் அக்குவினாரோ, தாவரத்துக்கு வளரும் ஆத்துமம் உண்டு, உணரும் ஆத்துமம் இல்லை என்கிறார்.

முரண்பாடோ? தூண்டினால் அசைவது வேறு, நோவது வேறு. நரம்பும் மூளையுமில்லாத செடி நோவை அறிவதற்குச் சான்றில்லை. கீரை பறிக்கும் அம்மாள் அஞ்ச வேண்டாம்.

ஆனால், நோகாது என்பதற்காக மதுரைச் சாலையோர வேம்பில் விளம்பரப் பலகைக்கு ஆணி அடிக்கலாமோ? நோவில்லாவிடினும் காயம் உண்டே! அவ்வழியே பூஞ்சணம் புகுந்தால் மரம் உள்ளுக்குள் உளுத்துப்போம்.